பனிக்குப் பயந்து கரியடுப்பை டென்டுக்குள் எடுக்காதீர்கள்

நீண்ட வார இறுதி முடிந்த அடுத்த நாள் எங்கள் வெள்ளவத்தைக் கிளினிக்குக்கு யார் யார் வரப்போகிறார்கள் என்பது நேர்ஸ் பிள்ளைக்கே தெரியும். வயிற்றோட்டம், அட்டைக்கடி, வெயிலில் தோல் உரிந்த மூக்கு. இவற்றை நான் குறை சொல்லமாட்டேன். காட்டுப்பக்கம் போன பிள்ளை ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் இந்த முறை வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

மலைநாட்டில் ஓஹிய பக்கம் டென்ட் அடித்துத் தங்கியிருக்கிறார்கள். அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். விடிய எழும்பும்போது நால்வருக்கும் தலையிடி. சின்னவள் சத்தி எடுத்திருக்கிறாள். மூத்தவனை எழுப்புவதற்கே பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். "பனி நல்லாப் பட்டுட்டுது டொக்டர்" என்றார் அம்மா. காய்ச்சல் இருந்ததா என்றேன். இல்லையாம். இரவு குளிருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது அப்பா கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார்: "பார்பிகியூ மெஷினை உள்ளுக்கு எடுத்து வச்சனாங்கள். பிள்ளையளுக்கு நல்ல சூடு."

நடுச்சாமத்தில் சின்னவளுக்கு ஒன்றுக்கு வந்திருக்கிறது. வெளியே கூட்டிப்போய் வந்தவர்கள் டென்டின் ஸிப்பைச் சரியாக மூடவில்லை. அந்த மறதிதான் நால்வரையும் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

கரிப்புகையில் மாட்டி வந்த குடும்பம் இது மட்டுமில்லை. ஒவ்வொரு முறையும் சொல்லிவைத்ததுபோல ஒரே பதில்தான் வருகிறது: "புகை வரேல்ல டொக்டர். கரி நல்லாச் சிவந்த பிறகுதான் உள்ளுக்கு வச்சம்."

இதைத்தான் விளக்கி விளக்கி எனக்குக் களைத்துவிட்டது. சரி, இன்னொரு முறை. புகை என்பது உங்களை இருமவைத்து, கண்ணை எரியவைத்து, வெளியே துரத்துகிற சாமான். அது உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. சிரட்டைக்கரி புகைந்து முடிந்து, சுவாலை அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் படிந்து, உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கிறதே, அந்த நேரம் அதிலிருந்து காபனோரொட்சைட்டு என்கிற நச்சுவாயு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண்ணும் எரியாது. புகை நின்றுவிட்டது என்றால் எச்சரிக்கை நின்றுவிட்டது, அவ்வளவுதான். அணைந்துவிட்டது போலத் தெரியும் கரியும் மணிக்கணக்கில் அதை வெளியே விடும். ஸிப்பை நாலு விரல் அகலம் திறந்துவைத்தால் போதும் என்பதும் பிழை. பனியில் நனைந்த டென்ட் துணிக்கு மேலே மழைவிரிப்பையும் போட்டால் உள்ளே காற்று எங்கே ஓடும்? காஸ் குக்கரும் இதே கதைதான். பிள்ளைகள் வானுக்குள் ஏசியில் நித்திரை கொள்ளட்டும் என்று எஞ்சினை இரவு முழுக்க ஓடவிடுவதும் இதே கதைதான்.

அந்த அப்பா இன்னொன்றும் சொன்னார். கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றரைக் கையோடு கொண்டுபோயிருந்தாராம். மாட்டிப் பார்த்தபோது 98 காட்டியதால் பயப்படவில்லையாம். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: காபனோரொட்சைட்டு பிடித்த இரத்தத்தையும் ஒட்சிசன் நிறைந்த இரத்தத்தையும் அந்தச் சின்ன மீற்றருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உயிர் போகிற நிலையிலும் நல்ல எண்ணைக் காட்டும். ஒரே டென்டில் படுத்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில், காய்ச்சல் இல்லாமல், தலையிடியும் ஓங்காளமும் தூக்கக்கலக்கமும் என்றால் மீற்றரைத் தேடாதீர்கள். எல்லோரையும் வெளியே இழுத்துப்போடுங்கள், 1990-க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. ஒட்சிசன் கொடுப்பதுதான் வைத்தியம், அது உங்கள் கூலர் பெட்டிக்குள் இருக்காது.

இதற்கெல்லாம் அடியில் கிடப்பது பனி என்கிற பயம். எங்கள் ஆட்களுக்குப் பனி என்றால் ஒரு நோய்க்கிருமி மாதிரி. பனி பட்டால் காய்ச்சல், பனி பட்டால் சளி, பனி பட்டால் நெஞ்சு அடைக்கும். இழுப்பு உள்ள பிள்ளைக்குக் குளிர்காற்று இழுப்பைக் கிளப்பும், உண்மை. அந்தப் பிள்ளையின் இன்ஹேலரும் ஸ்பேசரும் உடுப்புப் பைக்கு அடியில் இல்லாமல் கைப்பையில் இருக்கவேண்டும். ஆனால் பனி காய்ச்சலைக் கொண்டுவராது. முதல் நாள் இரவே காய்ச்சல் வந்தால் அந்தக் கிருமியைப் பிள்ளை கொழும்பிலிருந்தே கொண்டுபோயிருக்கிறது, பெரும்பாலும் வகுப்பறையிலிருந்து. டெங்குவும் அப்படித்தான். நுளம்பு கடித்து நாலிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தலைகாட்டும். ஆக, நேற்று ஹப்புத்தளையில் கடித்த நுளம்பைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

குளிர் தொந்தரவு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. நுவரெலியாவில் சில வருடங்களில் தை மாதம் புல்லில் உறைபனி படியும். கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே படுத்துப் பழகிய பிள்ளைக்கு அது பெரிய மாற்றம். ஆனால் பிள்ளையைக் குளிரவைப்பது பெரும்பாலும் கீழே இருக்கும் ஈர நிலம். மேலே மூன்று கம்பளி போர்த்திவிட்டு, கீழே ஒரு பெட்ஷீற்றை விரித்துப் படுக்கவைத்தால் விடியவிடிய நடுக்கம்தான். காற்றடிக்கும் மெத்தையும் காப்பாற்றாது, உள்ளே இருக்கும் காற்றும் குளிர்ந்துவிடும். தடித்த ஃபோம் பாய் வாங்குங்கள். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் யோகா பாய்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள்.

அடுத்தது ஈரம். பின்னேரம் நாலு மணிக்கே ஸ்வெற்றர், குரங்குத்தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிவிட்டு ஓடி விளையாட விடுகிறோம். பிள்ளை உள்ளே வியர்த்துக் குளிக்கிறது. அந்த ஈர உடுப்போடேயே இரவு படுக்கவைக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரவுக்கென்று ஒரு சோடி உடுப்பும் காலுறையும் பொலித்தீன் பையில் கட்டி வைத்துவிடுங்கள். படுக்கப்போகும் வரை, என்ன நடந்தாலும் அதைத் தொடக்கூடாது. படுக்கமுன் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள், ஒன்றுக்குக் கூட்டிப்போங்கள், உடுப்பை மாற்றுங்கள். இவ்வளவும் செய்தால் கரியடுப்புக்கு அங்கே வேலை இல்லை. மெஷினை டென்டிலிருந்து தள்ளி வைத்து, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் படுங்கள்.

அப்புறம், பிள்ளைகளோடு போகிறவர்கள் தங்களைத் தாங்களே கஷ்டப்படுத்திக்கொள்ளும் சில விஷயங்கள்.

புது டென்டை முதன்முதலாகக் காட்டில், இருட்டில், டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடிக்கப் பார்க்காதீர்கள். போவதற்கு முந்தின வாரமே வீட்டு ஹோலிலோ மொட்டைமாடியிலோ அடித்துப் பாருங்கள், பிள்ளைகளை ஒரு இரவு அதற்குள் படுக்கவிடுங்கள். யார் பயப்படும், யார் உருளும், யார் ஸிப்பைத் திறந்துவிட்டு ஓடும் என்று எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். எங்கள் நாட்டில் வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்குப் பொழுது பட்டுவிடும். நாலு மணிக்குள் இடத்துக்குப் போய்ச் சேரமுடியாது என்றால் அந்த இடம் சின்னப் பிள்ளைகளுக்குத் தூரம்.

காலத்தையும் பாருங்கள். சித்திரை விடுமுறையில் மலைநாட்டில் பின்னேரம் ஆனால் இடியும் மின்னலும். ஆவணி விடுமுறைக்குக் கிழக்குப்பக்கம் காய்ந்திருக்கும், பாணமை, குமண பக்கமெல்லாம் அப்போது நல்லம். மார்கழியில் அதே இடங்களில் மழை. மலைப்பக்கம் என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று வெளிக்கிட முதல் பாருங்கள். விட்டிருந்தால் பயணத்தை நிறுத்துங்கள். முற்பணம் போனால் போகட்டும்.

சாப்பாடு. அதிகாலை மூன்று மணிக்குச் சமைத்து, சூட்டோடு மூடிக் கட்டிய ஃப்ரைட் ரைஸைப் பகல் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, "தண்ணி மாறினதாலதான் வயிறு சரியில்ல" என்று வந்து சொல்கிறீர்கள். தண்ணீர் மேல் பழிபோடாதீர்கள். முதல் வேளைக்கு ரொட்டி, பாண், வாழைப்பழம், கிறீம் கிறேக்கர் போதும். சோறுதான் வேண்டும் என்றால் புளிச்சோறு கட்டுங்கள், எங்கள் அம்மம்மாமார் காரணம் இல்லாமல் அதைக் கட்டவில்லை. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பைக்கற்றுகள் நாலைந்து எடுத்துப்போங்கள். பைக்கற்றில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்கவேண்டும். பிள்ளை நிறையக் குடிக்காது என்று முழுப் பைக்கற்றையும் ஒரு கிளாஸில் கரைத்துக் கொடுப்பது வைத்தியம் இல்லை, உப்புக்கரைசல். யானை நடமாடும் இடங்களில் சாப்பாட்டையும் பழங்களையும் டென்டுக்குள் வைத்துக்கொண்டு படுக்கவேண்டாம்.

புறப்படும் நாள் காலையில் பிள்ளைக்குக் காய்ச்சலா? பயணம் இல்லை. பனடோலைக் கொடுத்து, உடம்பு ஆறியதும் வானில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு, மூன்றாம் நாள் டெங்குவோடு வந்து நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருகிற கோபத்தைக் கிளினிக்கில் காட்ட முடியாது, அதனால் இங்கே காட்டுகிறேன். பனடோல் பிள்ளையின் நிறைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அதற்குமேல் காய்ச்சலைக் குறைக்க இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் என்று எதையும் கொடுக்கவேண்டாம். டெங்கு உள்ள நாட்டில் அது இரத்தக்கசிவுக்குக் கதவைத் திறந்துவிடும்.

ஆற்றில் பிள்ளை இறங்கினால் நீங்களும் இறங்கவேண்டும். கல்லில் இருந்து, கையில் கிளாஸோடு, "ஆழத்துக்குப் போகாத மகன்" என்று கத்துவது காவல் ஆகாது. மூழ்கும் பிள்ளை சத்தம் போடாது, வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எப்படிக் கத்தும்? கை எட்டும் தூரத்தில், குடிக்காத ஒரு பெரியவர் நிற்கவேண்டும். கித்துல்கல பக்கம் மேலே மின்நிலையங்கள் தண்ணீர் திறந்தால் வெயில் எறிக்கும்போதே ஆறு ஏறும். தண்ணீர் கலங்கினால், இலைதழைகள் மிதந்து வந்தால், அந்த நிமிடமே எல்லோரும் கரைக்கு.

பாம்புக்குப் பயந்து டென்டைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பூண்டு தட்டிப் போடுவதும் இன்னும் நடக்கிறது. பாம்பு அதைச் சட்டைசெய்யாது, பக்கத்தில் நெருப்பும் இருந்தால் உங்களுக்குத்தான் ஆபத்து. அடித்துணி டென்டோடு சேர்த்துத் தைத்திருக்கவேண்டும், ஸிப் எந்நேரமும் மூடியிருக்கவேண்டும், சப்பாத்தை உதறிவிட்டுப் போடவேண்டும், இரவில் டோர்ச் இல்லாமல் கால் வைக்கக்கூடாது. கட்டுவிரியன் கடி நோகாமலே இருக்கலாம், தடமும் தெரியாமல் போகலாம். உலர்வலயத்தில் நிலத்தில் படுத்த பிள்ளை விடிய வயிற்றுவலி என்று எழும்பி, கண்மடலும் தொங்கினால் ஓமத்தண்ணீர் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.

எந்த ஆஸ்பத்திரி என்பதைக் கொழும்பிலேயே பார்த்து எழுதி வையுங்கள். உடவளவ என்றால் எம்பிலிப்பிட்டிய, யால என்றால் தெபரவெவ, மீமுரே என்றால் தெல்தெனிய, ஓஹிய என்றால் தியத்தலாவ. தொலைபேசி அங்கே எடுக்கும் என்று நம்பவேண்டாம், நக்கிள்ஸ் பக்கம் சிக்னல் வரும், போகும்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போனீர்கள், எந்த ஆற்றில் குளித்தீர்கள் என்பதை நாங்கள் கேட்கமுதலே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் அப்படித்தான் பிடிபடும். வந்த அன்றே பிள்ளையைக் குளிக்கவார்க்கும்போது கக்கம், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம், தலைமயிருக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காதுக்குள் ஏதோ ஊருது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள், இந்த நாட்டில் உண்ணி காதுக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்ளும். ஹெயார்பின்னால் தோண்டவேண்டாம், காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.