டிரெய்லர் ஏன் வாலாட்டுகிறது?

“மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் சாதுவாகப் பின்னால் வந்த டிரெய்லர், 95-ஐத் தொட்டதும் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிட்டது. காற்றா, சாலையா, டயரா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மூன்றுமே ஆட்டத்தைத் தொடங்கிவைக்கலாம். தொடங்கிய ஆட்டம் அடங்குமா, வளருமா என்பது பெரும்பாலும் வேகத்தையும் சாமான் அடுக்கிய விதத்தையும் பொறுத்தது.

சின்ன கார் 700 கிலோவை இழுக்குமா என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். காரின் கையேட்டில் உள்ள இழுவை வரம்புக்குள் இருந்தால் இழுத்துவிடும். ஏற்றத்தில் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். நேராக வைத்திருப்பதுதான் பாடு.

டிரெய்லரைப் படுக்கவைத்த ஊசல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் ஊசலை நடுவுக்கு இழுப்பது புவியீர்ப்பு. இங்கே அந்த வேலை டயருடையது. டயர் பார்க்கும் திசையும் போகும் திசையும் சற்றே விலகினால், ரப்பர் முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் தள்ளும். வலப்பக்கம் ஒதுங்கிய டிரெய்லர் அதனால் நடுவுக்குத் திரும்பும். ஆனால் அங்கே நிற்காது, வந்த வேகத்தில் மறுபக்கம் போய்விடும்.

சரி, ஆட்டத்தை அடக்குவது யார்? அதே டயர்தான்! டிரெய்லர் நடுவைக் கடக்கும் கணத்தில் டயர் நேராகத்தான் பார்க்கிறது. ஆனால் முன்னால் ஓடிக்கொண்டே பக்கவாட்டிலும் நகர்வதால், அது போகும் பாதை சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்கு ஏற்ற விசை ஆட்டத்தை எதிர்க்கும். பக்கவாட்டு நகர்வு நொடிக்கு 1 மீட்டர் என்று வையுங்கள். கார் மணிக்கு 36 கி.மீ.யில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில் போனால் சாய்வு கிட்டத்தட்ட 6 டிகிரி. 108 கி.மீ.யில் வெறும் 2 டிகிரி. நடுவுக்கு இழுக்கும் விசை ஏறக்குறைய அப்படியே இருக்க, அடக்கும் விசை மட்டும் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. ரப்பர் சறுக்குவதை ஆராய நிதி கேட்டால் கொட்டாவி விடுவார்கள். கருந்துளைக்கு விழும் கைதட்டலில் கால்வாசியாவது இதற்கும் விழலாம் என்பது என் கட்சி.

டிரெய்லரை மாட்டும் கொக்கி காரின் பின்னச்சுக்கும் பின்னால் இருப்பதால், ஒவ்வொரு ஆட்டமும் காரின் வாலையும் தள்ளுகிறது. திரும்பிய கார் மறுபடி டிரெய்லரை இழுக்கிறது. ஒரு வேகத்துக்கு மேல், டயர்கள் தின்னும் ஆற்றலைவிட அதிக ஆற்றல் காரின் ஓட்டத்திலிருந்தே ஆட்டத்துக்குப் போய்ச் சேரும்.

கனமான சாமானை டிரெய்லரின் பின்கோடியில் வைத்தால் அந்த வேகம் இன்னும் கீழே இறங்கும். கொக்கிக்குப் பாரம் குறைகிறதே என்று சிலர் வேண்டுமென்றே அப்படி அடுக்குவார்கள். கனத்தை டிரெய்லரின் அச்சுக்கு மேலே, சற்று முன்தள்ளி வையுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கட்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவு. அங்கே பல கார்களின் கொக்கி 75 முதல் 100 கிலோ வரைதான் தாங்கும்.

ஆடும்போது வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்றொரு நம்பிக்கை உண்டு. மேலே போட்ட கணக்கே அதற்குப் பதில். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை அசையாமல் பிடியுங்கள். திருப்பிச் சமாளிக்கப் பார்த்தால், ஓரிரு நொடிக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும் ஆட்டத்துக்கு நம் கை எப்போதும் அரை நொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் கணினியே ஆட்டத்தை உணர்ந்து, சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து, அந்த அரை நொடியை மிச்சப்படுத்துகிறது.