தாராபுரத்துக்கு அப்புறம்

கோவையில் கிளம்பி பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி வழியாக மறுபடியும் கோவை. இந்தச் சுற்று ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இதை ஒரே நாளில் சைக்கிளில் முடிக்கிற குழுக்கள் நம் பக்கத்தில் இப்போது நிறைய இருக்கின்றன. பொது மருத்துவராக எனக்கு அதில் மகிழ்ச்சிதான். சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு வந்த பலரை நானே சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த நீண்ட ரைடு முடிந்து திங்கட்கிழமை காலை என்னிடம் வருகிறவர்களைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

ஆனி, ஆடியில் இந்தச் சுற்று எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். தென்மேற்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். காங்கேயம் வரை அது முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போகும். அந்த வேகத்தைத் தன் கால் பலம் என்று எல்லாருமே நம்புவார்கள். தாராபுரத்தில் மேற்கே திரும்பியதும் அதே காற்று நெஞ்சில் அடிக்கும். உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகளை எதற்காக நட்டிருக்கிறார்கள் என்று அப்போது புரியும். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மேல் எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், காற்றின் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. மதிய வெயில் வேறு. நூறு கிலோமீட்டர் மிதித்து முடித்த கால் வேறு.

குழு உடைவது இங்கேதான். முன்னால் போகிறவரின் நிழலில் ஒட்டிக்கொண்டு போனால் காற்றின் தடை கணிசமாகக் குறையும். ஒருவர் இருபது அடி பின்தங்கிவிட்டால் அந்த நிழலும் போய்விடும், இன்னும் பின்தங்குவார். அடுத்த டீக்கடையில் மற்றவர்கள் காத்திருப்பார்கள். இவர் போய்ச் சேரும்போது அவர்கள் கிளம்பத் தயாராக நிற்பார்கள். "ஒண்ணுமில்லீங்ணா, போலாம்" என்று சொல்லிவிட்டு, உட்காராமலே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏறுவார். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் இப்படிச் சொன்னவர்கள்தான்.

இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாமவர் நாற்பது வயதை ஒட்டிய பெண். நல்ல பயிற்சி உள்ளவர். வெயில் என்று பயந்து காலையிலிருந்தே நிறுத்தும் இடமெல்லாம் தண்ணீர் குடித்திருக்கிறார், வெறும் தண்ணீர். உடுமலை தாண்டியதும் தலைவலி, குமட்டல். கை விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருந்தது. பொள்ளாச்சிக்கு முன்னால் வாந்தி எடுத்தார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். கூட இருந்தவர்கள் பாசமுள்ளவர்கள். உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். மருத்துவமனைக்கு வந்தபோது ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பில் இருக்கும் சத்து, 121. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. வியர்வையில் உப்பும் போய், குடித்த நீரும் சிறுநீராக வெளியேறாமல் தங்கும்போது ரத்தம் நீர்த்துவிடுகிறது. மூளை வீங்க ஆரம்பிக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும். செறிவான உப்பு நீரை ரத்தக் குழாய் வழியாக அளந்து ஏற்றினோம், பிழைத்துக்கொண்டார்.

இது எங்கோ ஒருவருக்கு வருவது என்று நினைக்க வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அவர்களில் அதிகம். மெதுவாகப் போகிறவருக்குக் குடிக்க நேரம் அதிகம். எதிர்க்காற்றில் பின்தங்குகிற நம் ஆளுக்கும் அதே கதை. ஆடிக்காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், போன உப்பு அவருக்குத் தெரிவதில்லை. சட்டையில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்தால் தெரியும்.

அதனால் குடிக்காமல் போகச் சொல்லவில்லை. தாகம் எடுத்தால் குடியுங்கள், பிறர் கட்டாயத்துக்காகக் குடிக்காதீர்கள். உப்புப் போட்ட மோர், கம்மங்கூழ், மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி எல்லாம் நல்லது. பொடியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பொள்ளாச்சிக்காரனாக இருந்தும் இதைச் சொல்கிறேன்: இளநீர் மட்டும் போதாது. அதில் அதிகம் இருப்பது பொட்டாசியம், வியர்வையில் அதிகம் போவது சோடியம். பயிற்சி ரைடுகளில் கிளம்பும் முன்பும் வந்த பிறகும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் சுமார் ஒரு லிட்டர் நீர் குறைந்திருக்கிறது. எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். உங்கள் உடம்பின் கணக்கு இரண்டு மூன்று முறையில் பிடிபட்டுவிடும்.

இரண்டாமவர் திருப்பூரில் தொழில் செய்கிறவர். முழங்கால் வலிக்குமே என்று கிளம்பும்போதே ஒரு வலி மாத்திரை, தாராபுரத்தில் இன்னொன்று. திங்கட்கிழமை வந்து, "வரக்காப்பி மாதிரி போகுதுங்க டாக்டர்" என்றார். தசை நார்கள் சிதைந்து, அவற்றின் நிறமி சிறுநீரில் கலந்து வந்துகொண்டிருந்தது. அந்த நிறமி சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலி மாத்திரையோ, உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கும். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன. ஐந்து நாள் படுக்கையில் இருந்தார். டயாலிசிஸ் வரை போகாததில் எனக்குப் பெரிய நிம்மதி. நீண்ட ரைடில் டைக்ளோபெனாக், இபுபுரூபன் வகை மாத்திரைகளைத் தொடாதீர்கள். முழங்கால் வலித்தால் முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் தாழ்வாக இருக்கும்.

சுண்டுவிரல் மரத்துப்போவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, இவையும் சைக்கிளைச் சரியாகப் பொருத்தாததால் வருபவைதான். சில நாளில் சரியாகாவிட்டால் வந்து காட்டுங்கள்.

அவசரம் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. பி.ஆர்.எம். என்று குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ரைடுகள் உண்டு. அதில் 200 கிலோமீட்டருக்கு விதிப்படி 13 மணி 30 நிமிடம் இருக்கிறது. நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் போதும். அது பந்தயம் இல்லை, முதலில் வந்தவருக்குப் பரிசும் இல்லை. பின்தங்கியவர் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்த பிறகே கிளம்புவது என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓட்டும் ஒருவர் கடைசியில் வரட்டும். பேச்சு நின்றுபோனவர், சைக்கிள் தடுமாறுகிறவர், சாப்பிட மறுக்கிறவர் இவர்களைப் பார்ப்பது அவர் பொறுப்பு. சும்மா "நல்லாருக்கீங்ளா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "கடைசியா எப்பங்க ஒண்ணுக்குப் போனீங்க, என்ன நிறம்?" என்று கேளுங்கள்.

ஒருவர் குழப்பமாகப் பேசினால் தண்ணீரைக் கொடுக்காதீர்கள். நிழலில் படுக்க வைத்து உடம்பு கொதிக்கிறதா என்று பாருங்கள். கொதித்தால் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். கொதிக்காவிட்டாலும் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் வெறுமனே மயக்கம் என்று சொல்லாதீர்கள். எத்தனை மணி நேரம் சைக்கிள் மிதித்தார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், என்ன மாத்திரை போட்டார் என்ற மூன்றையும் சொல்லி, சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.