யின்மின் நீலம்: சாயமா, நிறமியா?

அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் புதுத் தபால்தலை வாங்க நின்றபோது, பக்கத்தில் நின்ற நண்பர் கேட்டார்: "சார், நம்ம ஊர்ல படிச்ச ஒருத்தர் ஏதோ நீலச் சாயம் கண்டுபிடிச்சாராமே, அதுல ஸ்டாம்ப் அடிக்க முடியுமா?" நல்ல கேள்விதான். ஆனால் அது சாயம் இல்லை, நிறமி.

அவர் சொன்னது யின்மின் நீலம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்ற மாஸ் சுப்பிரமணியனின் ஆய்வுக்கூடத்தில், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், 2009-ல் கிடைத்தது. அவர்கள் தேடியது மின்னணுக் கருவிகளுக்கான பொருளை. இட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளைக் கலந்து சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தார்கள். உலையைத் திறந்தால் பளீர் நீலம்! இண்டியம் சேர்க்காவிட்டால் அந்தப் பொருள் கறுப்பு; மாங்கனீசு சேர்க்காவிட்டால் வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் சாம்பல்தானே வரவேண்டும்? மாங்கனீசு அணுவைச் சுற்றி ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் அமர்ந்திருக்கும் விதம் சிவப்பையும் பச்சையையும் விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது.

மூன்று தனிமங்களின் குறியீடுகளை ஒட்டவைத்ததுதான் 'யின்மின்'. அதன் நடுவில் இருக்கும் 'இன்', இண்டியம். 1863-ல் அதைக் கண்டறிந்தவர்கள், அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்த கோடு இண்டிகோ நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயரை வைத்தார்கள். இண்டிகோ என்றால் 'இந்தியாவிலிருந்து வந்தது'. அதாவது நம் அவுரி. திண்டிவனம் பக்கம் இன்றும் விளைகிற செடியின் நினைவு இந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, நிறமிக்கு வருவோம். 'பிக்மென்ட்' என்பது 'தீட்டு' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நாம் வேறு வழியில் போனோம். நான்கு கால் உடையது நாற்காலி ஆனதுபோல, நிறம் உடையது நிறமி. நிறம் பழஞ்சொல், "குருவும் கெழுவும் நிறனாகும்மே" என்கிறது தொல்காப்பியம். 'வண்ணப்பொருள்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது சாயத்துக்கும் பொருந்திவிடும் என்பதால் எனக்கு ஒப்பவில்லை.

வித்தியாசத்தை வேட்டி அலசும் வாளியிலேயே பார்க்கலாம். சொட்டு நீலத்தை விட்டால் கலங்காமல் கரைந்துவிடும்: சாயம். அந்தக் காலத்துப் பொட்டல நீலத்தூளைத் துணியில் முடிந்து கலக்குவார்கள். கொஞ்ச நேரம் விட்டால் வாளியின் அடியில் நீல வண்டலாகப் படிந்திருக்கும். அது நிறமி. கரையாது, நுண்ணிய தூளாகவே இருந்து பரப்பில் ஒட்டும். 'சாயம் வெளுத்துப்போச்சு' என்று நாம் சொல்வது சும்மா இல்லை.

தபால்தலைக்கு இது முக்கியம். உறையிலிருந்து பிரிக்கத் தண்ணீரில் ஊறவைக்கும்போது சில தலைகளின் நிறம் கிண்ணத்திலேயே கசிந்துவிடும். முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டாமல் தடுக்க, பிரிட்டனில் 1880-களில் வேண்டுமென்றே அப்படிப்பட்ட மையில் அச்சிட்டதும் உண்டு.

யின்மின் தண்ணீருக்கோ வெயிலுக்கோ சளைக்காது. அகச்சிவப்புக் கதிரை, கோபால்ட் நீலத்தைவிட அதிகமாகத் திருப்பி அனுப்பும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலங்களை அதற்கான கேமராவில் வைத்துப் பிரித்தறிய இது உதவலாம். போலியைப் பிடிக்க ஒரு வழி. ஆனால் அச்சு மைக்கு ஏற்றபடி மிக நுண்ணியதாக அரைக்க வேண்டும். அப்புறம் விலை. தொடுதிரைகளுக்கும் தேவைப்படும் இண்டியம் மலிவானதல்ல.

ஆகவே நண்பருக்கு என் பதில்: யின்மின் நீல நிறமி என்றே சொல்லுங்கள், பெயர் குறியீடுகளால் ஆனது, அதை மொழிபெயர்க்க வேண்டாம். தினசரித் தலைகளுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு சிறப்புத் தலையில், மயிலின் கழுத்துக்கு மட்டும் அடிக்கலாம்.