ஓடை மெலிந்தால் அளவும் இறங்கும்: மலையகத்தில் கழிவுநீர் விதி

தென்மேற்குப் பருவத்தில் ஹற்றன் பக்கம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். அதே நாட்களில் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் காற்றுதான் அடிக்கும், மழை வராது. பீலியில், அதாவது ஊற்று நீர் விழும் குழாயில், விரல் பருமனுக்குத் தண்ணீர், அதற்குக் கீழே குடங்களின் வரிசை. 2014 இறுதியில் உமா ஓயாச் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டு, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றிய கதையை இன்றும் அங்கே சொல்வார்கள். அந்த ஊர்களிலேயே தங்குமிடங்களின் குளியல் தண்ணீரும் குசினித் தண்ணீரும் கானில் இறங்கி ஓடையில் கலப்பதையும் பார்க்கலாம். இதற்கு ஒரு விதி இருக்கிறது. சிறிய தொழில் நடத்துபவர்களில் பலர் அதை அபராதம் வரும்போதுதான் கேள்விப்படுகிறார்கள்.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தத்தின்படி, வர்த்தமானியில் குறிப்பிட்ட தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இல்லாமல் கழிவை வெளியே விடக்கூடாது. தேயிலைத் தொழிற்சாலை, வாகனம் கழுவும் சேர்விஸ் நிலையம், குறிப்பிட்ட அறை எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஹோட்டல், விருந்தினர் விடுதி எல்லாம் பட்டியலில் உண்டு. பட்டியல் அவ்வப்போது மாறும். அதனால் பழைய பிரதியை நம்பாமல் உங்கள் பிரதேச சபையிலோ நகர சபையிலோ கேட்டுவிடுங்கள். மாசு குறைந்த சிறிய தொழில்களுக்கான பத்திரத்தை உள்ளூராட்சி மன்றமே தரும், மற்றவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்குப் போக வேண்டும். விண்ணப்பித்துப் பரிசோதனைக் கட்டணம் கட்டினால் அதிகாரிகள் வந்து இடத்தைப் பார்ப்பார்கள். பத்திரத்துக்குக் காலவரையறை உண்டு, முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். மறுத்தால் 30 நாட்களுக்குள் அமைச்சின் செயலாளருக்கு எழுத்தில் மேன்முறையீடு செய்யலாம். இந்தக் கடைசி உரிமையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

பத்திரத்தின் உயிர் அதிலுள்ள எண்களில் இருக்கிறது. 2008 வர்த்தமானித் தரங்களின்படி, ஓடையிலோ ஆற்றிலோ விடும் நீரில் பி.ஓ.டி. லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நீரிலுள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்கள் ஐந்து நாளில் எவ்வளவு ஒட்சிசனை இழுக்கும் என்பதுதான் பி.ஓ.டி. அது கூடினால் ஓடையின் மூச்சை உங்கள் கழிவு பிடுங்குகிறது. கரையாமல் நீரில் கலந்து நிற்கும் திண்மத் துகள் 50, எண்ணெயும் கொழுப்பும் 10 மில்லிகிராம்.

அட்டவணையின் அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. மலையகத்துக்கு அதுதான் முக்கியம். நீங்கள் விடும் நீரைப்போல எட்டு மடங்கு சுத்தமான நீர் ஓடையில் இருக்கிறது என்று வைத்துத்தான் அந்த எண்களைப் போட்டிருக்கிறார்கள். எட்டுக்குக் குறைந்தால் அளவும் அதே விகிதத்தில் இறங்கும். நாளுக்கு 5,000 லீற்றர் விடும் விடுதிக்கு ஓடையில் 40,000 லீற்றராவது ஓட வேண்டும். ஓகஸ்டில் 20,000 லீற்றர்தான் ஓடுகிறதென்றால் உங்கள் வரம்பு 30 அல்ல, 15. அது பத்தாயிரமாக மெலிந்தால் 7.5. சிறிய சுத்திகரிப்புத் தொட்டி வைத்திருப்பவரால் அந்தச் சுத்தத்தை எட்டுவது பெரும்பாடு.

அப்படியானால் கோடையில் தண்ணீரை எங்கே விடுவது? நிலத்தில். பாசனத்துக்காக மண்ணில் விடும் கழிவுநீருக்குத் தனி அட்டவணை உண்டு. அங்கே பி.ஓ.டி. 250 வரை அனுமதி, ஏனென்றால் மீதி வேலையை மண்ணும் வேரும் செய்யும். ஆனால் எண்ணெய் வரம்பு தளரவில்லை. ஜோர்தானில் அம்மான் நகரக் கழிவுநீர் அஸ்-சம்ரா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, பின் ஜோர்தான் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்கிறது. பாலைநிலத்துக்காரர்கள் வேறு வழியின்றிச் செய்வதை ஊவாவில் மூன்று மாதம் செய்யலாம். மழைக்காலத்தில் மண் ஊறிக் கிடக்கும், பாய்ச்ச இயலாது. ஆனால் அப்போது ஓடையும் நிறைந்திருக்கும். இரண்டு வழிகளையும் பத்திரத்தில் எழுதிக் கேளுங்கள். மண்ணில் விட்டால் அனுமதியே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்ல வீதியில் என் சித்தப்பாவுக்கு ஒரு சிறிய விடுதி. மார்கழிக் குளிரில் போத்தலில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறையுமே, அவருடைய குசினிக் குழாயிலும் அதேதான் நடந்தது. மூடியைத் திறந்தால் மெழுகுபோல் ஒரு சாண் கொழுப்பு. இரண்டு அறைகொண்ட கொழுப்புப் பொறி ஒன்றைக் குசினிக்கு வெளியே கட்டி, வாரத்துக்கொரு தடவை கரண்டியால் வழித்தெடுக்கத் தொடங்கிய பிறகுதான் பின்னாலிருந்த தொட்டி ஒழுங்காக வேலை செய்தது. அந்தத் தண்ணீர் இப்போது வாழைக்கும் புல்லுக்கும் போகிறது. சலாது போன்ற பச்சையாகத் தின்னும் மரக்கறிக்கு விடவேண்டாம், கிருமி சாகாது. குளியல் தண்ணீரை ஒரு நாளுக்குமேல் தேக்கினால் நாறும்.

வீடுகளுக்கு இந்த அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் கட்டிட வரைபடம் அங்கீகாரம் பெறும்போது மலக்கழிவுத் தொட்டியையும் உறிஞ்சுகுழியையும் பார்ப்பார்கள். எஸ்.எல்.எஸ். 745 என்ற இலங்கைத் தரக்கோவை உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீற்றர் கேட்கிறது. அந்தக் கோவையின் இரண்டாம் பகுதி, தொட்டி நீரை அந்த இடத்திலேயே மீளப் பயன்படுத்தும் முறைகளையும் சொல்கிறது. தோட்டப்புறத்தில் பல குடும்பங்களுக்குக் கிடைத்தது 7 பேர்ச் காணி. சதுரமாக வைத்தால் பக்கத்துக்குப் பதின்மூன்று மீற்றர்தான். உங்கள் காணிக்குள்ளேயே 18 மீற்றர் இடைவெளி விடுவது ஏறக்குறைய இயலாது. ஆக, மேல்வீட்டுக்காரரின் குழி எங்கே வருகிறது என்பது உங்கள் பீலியின் பிரச்சினை. வீடு கட்டுமுன் வரிசை முழுவதுக்குமாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு சேர்ந்து இடம் குறிப்பது நல்லது.

சரிவில் இன்னொரு சிக்கல். குழிக்குள் இறங்கும் நீர் மண்ணை ஊறவைத்துக் கனக்கச் செய்யும். மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டுமானத்துக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை கேட்கிறார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை நான்கும் அதில் அடக்கம். அந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் வடிகால் பற்றிய நிபந்தனைகளைத் தேடிப் படித்து, குழி வெட்டும் மேசனுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வரைபடத்தை மட்டும் கொடுத்தால் அவர் வழக்கமான இடத்தில்தான் வெட்டுவார்.