இட்லிப் பூச்செடி மஞ்சளடித்தால் மருந்தைத் தேடாதீர்கள்

கோயம்புத்தூரில் வீட்டுத் தோட்டம் போட்டுக்கொடுத்துப் பராமரிக்கிற வேலை எனக்கு. வாரத்துக்கு ஒரு போனாவது இப்படி வரும்: "தம்பி, பட்டாம்பூச்சி வரும்னு சொல்லி இட்லிப் பூச்செடி வெச்சுக் குடுத்தீங்களே, இலையெல்லாம் மஞ்சளா வெளுத்துப் போகுது, என்ன மருந்து அடிக்கட்டும்?" கடையில் கேட்டு ஒரு பாட்டில் வாங்கியும் வைத்திருப்பார்கள். எனக்குப் பயமே அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான். பட்டாம்பூச்சிக்காக வைத்த செடிக்குப் பூச்சிக்கொல்லி அடிப்பதைவிட அந்தச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடலாம்.

நான் போய்ப் பார்க்கிற செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோயும் கிடையாது, பூச்சியும் கிடையாது. சோகைதான். நமக்கு இரும்புச் சத்துக் குறைந்தால் முகம் வெளுப்பதுபோல இட்லிப் பூச்செடிக்கு இலை வெளுக்கிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. நுனியில் புதிதாக வந்த இலையைப் பாருங்கள், இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகவும் தெரிந்தால் அது இரும்புக் குறை. கீழே இருக்கிற பழைய இலைகள்தான் முதலில் மொத்தமாக வெளுக்கின்றன என்றால் அது வேறு, தழைச்சத்துப் போதவில்லை, மக்கிய தொழு உரம் போட்டால் சரியாகிவிடும்.

இட்லிப் பூ நம் ஊர்ச் செடி. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதற்குப் பிறந்த இடம். நம் பழைய இலக்கியத்தில் வெட்சி என்று வருவது இதுதான், ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடிய பூ. மலையாளத்தில் தெச்சி. இக்ஸோரா என்கிற தாவரவியல் பெயர்கூட ஈசுவரன் என்ற பெயரைப் போர்த்துகீசியர்கள் சொன்ன விதத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். காப்பிச் செடியும் இதுவும் ஒரே குடும்பம். காப்பிக்கு எந்த மாதிரி மண் பிடிக்குமோ அதே மாதிரி மண்தான் இதற்கும் பிடிக்கும்: இலைமக்கு நிறைந்த, கொஞ்சம் புளிப்பான, அதாவது கார அமில நிலை 5-லிருந்து 6 வரை உள்ள மண். கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் யாரும் கவனிக்காத வேலியோரத்தில்கூட இந்தச் செடி கரும்பச்சையாகத் தழைத்துப் பூத்துக் குலுங்குவதற்கு அங்குள்ள மண்தான் காரணம்.

கோவையில் நிலைமை தலைகீழ். கரிசலிலும் சுண்ணாம்பு, பல இடங்களில் செம்மண்ணிலும் சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்தில் அடியில் இருப்பதே சுண்ணாம்புப் பாறை, கிணற்று நீரும் கடினம், அங்கேயும் இதே தொல்லை வரும். அது போதாதென்று நாம் செடியை எங்கே வைக்கிறோம்? புது வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி! கட்டட வேலையில் கொட்டிய சிமென்ட்டும் கலவையும் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற இடம் அது. அதற்கு மேலே போர்வெல் தண்ணீர், சில வீடுகளில் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகிற கழிவுத் தண்ணீர். 'தண்ணீர் வீணாகாமல் செடிக்குப் போகுது' என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்தத் தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும், இட்லிப் பூச்செடிக்கு அது விஷம் மாதிரி. மண்ணில் இரும்பு இருக்கிறது, செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், ஆனால் சுண்ணாம்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து அதை வேர் உறிஞ்ச முடியாதபடி பூட்டி வைத்துவிடுகின்றன.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதில் தப்புப் பண்ணியிருக்கிறேன். ஒரு வீட்டில் மஞ்சளடித்த பத்துச் செடிக்கு முட்டை ஓட்டுத் தூளும் அடுப்புச் சாம்பலும் போடச் சொன்னேன், இயற்கை உரம் கெடுதல் பண்ணாது என்ற நம்பிக்கையில். இரண்டுமே மண்ணைக் காரமாக்குகிற, அதாவது புளிப்பைக் குறைக்கிற பொருள்கள். அடுத்த மாதம் போனபோது துளிர் மஞ்சள்கூட இல்லை, காகிதம் மாதிரி வெள்ளையாக இருந்தது. அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஒரு கைப்பிடி மண்ணைக் காயவைத்து அதன் மேல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது, அந்த மண்ணைப் புளிப்பாக மாற்ற நினைத்துக் கந்தகத்தைக் கொட்டுவது பணத்துக்குக் கேடு. தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், நுரைக்காத செம்மண், இலைமக்கு, கொஞ்சம் தென்னைநார்க் கழிவு கலந்து. நுரைக்கவில்லை என்றால் இடத்தை மாற்ற வேண்டாம், தண்ணீரை மட்டும் மாற்றுங்கள்.

உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். லிட்டருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம் அல்லது அரை எலுமிச்சம்பழச் சாறு, மழைத் தண்ணீரில் அல்லது வடிகட்டிய குடிநீரில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை போதும். அன்னபேதி இளம்பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பாகியிருந்தால் வாங்காதீர்கள், அது கெட்டுப்போனது. டைல்ஸ் மேல் சிந்தினால் துருக்கறை பிடித்துவிடும், லேசில் போகாது. கடையில் இரும்புச் செலேட் என்று, இரும்பு மண்ணில் பூட்டிக்கொள்ளாமல் பிடித்துவைக்கிற ஒரு பொட்டலம் கொடுப்பார்கள், அதில் இ.டி.டி.ஏ. என்று எழுதியிருந்தால் அதை நம் காரமண்ணில் கொட்டிப் பயனில்லை, இலையில் தெளிக்கலாம். மண்ணில் போடுவதற்கு இ.டி.டி.எச்.ஏ. வகைதான் நிற்கும், விலை கூடுதல். எதைச் செய்தாலும் வெளுத்துப்போன பழைய இலை அவ்வளவாகத் திரும்பாது, புதுத் துளிர் பச்சையாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். வீட்டுக்காரர்கள் எடுத்துக் காட்டுவதில் பலவும் இமிடாகுளோபிரிட் வகை. அது செடியின் சாற்றில் கலந்து உள்ளே ஓடுகிற மருந்து, பூவின் தேனிலும் வந்து சேரும். இட்லிப் பூவின் குழல் ஒரு அங்குலத்துக்கு மேல் நீளம், ஊசி மாதிரி மெல்லியது, தேன் அதன் அடியில். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அழகிப் பட்டாம்பூச்சிகளுக்குத்தான் அது எட்டும். கறிவேப்பிலை அழகி, நீல அழகி, மலையடிவார வீடு என்றால் கிட்டத்தட்ட ஒரு சாண் சிறகோடு பொன்னழகியே வந்து நிற்கும். அவை அத்தனையும் வந்து குடிக்கிற கிண்ணத்தில் மருந்தைக் கலக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், மீதி இருந்தால் சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து அந்தக் கிளையை மட்டும் துடைத்துவிடுங்கள்.

இலையைக் கொஞ்சம் புழு தின்றால் விடுங்கள். மங்கி பசில் என்று ஆங்கிலத்தில் அழைக்கிற குட்டிப் பட்டாம்பூச்சியின் புழு இட்லிப் பூச்செடியின் இலையைத் தின்றுதான் வளர்கிறது. தேனுக்கு மட்டும் செடி வைத்தால் பட்டாம்பூச்சி விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போய்விடும். முட்டை வைக்க இடம் வேண்டும் என்றால் பக்கத்திலேயே ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை. அதில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற புழுவைத் தட்டிவிடாதீர்கள், கொஞ்ச நாளில் பச்சையாக மாறும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இதற்காக உண்ணிச்செடியை (லான்டானா) வைத்துவிடவே வேண்டாம். பட்டாம்பூச்சி வரும், உண்மைதான், ஆனால் பறவைகள் அதன் விதையைக் காட்டுக்குக் கொண்டுபோய்விடும், முதுமலைப் பக்கம் அது பரவிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசையே வராது.

இன்னொன்று, அபார்ட்மென்ட் வேலிகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரியால் பெட்டி மாதிரி வெட்டி நிறுத்துகிறார்கள். மொட்டு வருவதே கிளை நுனியில். அதை வெட்டிக்கொண்டே இருந்துவிட்டு ஏன் பூக்கவில்லை என்று கேட்டால் செடி என்ன செய்யும்? ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் லேசாகக் கவாத்துச் செய்யுங்கள், அது போதும்.

புதிதாக வைக்கிறவர்கள் புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்து வையுங்கள், ஐப்பசி மழை வேருக்கு நல்லது. ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரமாவது நேரடி வெயில் விழுகிற இடம் வேண்டும். சுவரிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி. குழியில் சிமென்ட் கட்டி ஒன்று தட்டுப்பட்டாலும் இன்னும் இரண்டடி நகருங்கள்.