தூக்கா, ஆயுளா? தீர்மானிக்கும் முன் உளவியல் அறிக்கை கேட்கும் உரிமை

தூக்குத் தண்டனைக்கு இடமுள்ள வழக்கு. குற்றம் நிரூபணமாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: ஆயுளா, தூக்கா? அதற்கு விடை சொல்லும் முன், குற்றவாளியைப் பற்றிய மனநல, உளவியல் மதிப்பீட்டை அரசுத் தரப்பே செஷன்ஸ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் 2022 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை இது. கொலைகாரருக்கு எதற்கு இந்தச் சலுகை என்று கேட்பவர்கள் உண்டு.

சலுகை இல்லை, பழைய கடனின் பாக்கி. 'அரிதினும் அரிதான' வழக்கில் மட்டுமே தூக்கு என்ற 1980-ன் பச்சன் சிங் தீர்ப்பு, குற்றத்தோடு குற்றவாளியையும் எடைபோடச் சொன்னது. அவரது வயது, அப்போதிருந்த மனநிலை, திருந்தும் வாய்ப்பு எல்லாம் கணக்கில் வர வேண்டும். ஆனால் இவற்றை யார் திரட்டித் தருவது? காசிருந்தால் வக்கீல் திரட்டுவார். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016 அறிக்கைப்படி, தூக்குத் தண்டனைக் கைதிகளில் 74.1% பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். இவர்களுக்காக நீதிமன்றத்தில் சொல்லப்படுவது பெரும்பாலும் 'ஏழை, சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள்' என்ற அளவில் நின்றுவிடும். கைதியைப் பற்றிக் கோப்பில் ஒன்றும் இல்லாதபோது, அவரது சாதி, தொழில், முகத்தோற்றம் பற்றிய மனப்பதிவுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மனப்பதிவு தீர்ப்புக்குள்ளேயே வந்துவிடுவதற்குக் கடலூர் மாவட்ட வழக்கு ஒன்று சாட்சி. 2009-ல் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். 2013-ல் தூக்கை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், கொல்லப்பட்டது வம்சத்தைத் தொடரவேண்டிய ஒரே ஆண்பிள்ளை என்பதையும் குற்றத்தின் கடுமையில் சேர்த்துக்கொண்டது. 2023 மார்ச்சில் மறுசீராய்வில் அதே நீதிமன்றம், குழந்தை ஆணா பெண்ணா என்பது இங்கே பொருட்டல்ல, ஆணாதிக்கக் கருத்துக்கு நீதிமன்றம் இடம் தரக்கூடாது என்றது. கைதி சிறையில் உணவு தயாரிப்பில் டிப்ளமா முடித்தவர். 2013-ல் தப்பிக்கவும் முயன்றவர். நல்லது கெட்டது இரண்டையும் பார்த்தே, குறைந்தது 20 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பில்லாத ஆயுளாகத் தூக்கு மாற்றப்பட்டது.

இனி அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்? மனநல மதிப்பீட்டோடு, சிறுவயதுக் குடும்பச் சூழல், வன்முறையோ புறக்கணிப்போ அனுபவித்தாரா, படிப்பு, வருமானம், வறுமை, முந்தைய வழக்குகள், மனநோய் வரலாறு ஆகிய விவரங்களையும் அரசு குறித்த காலத்துக்குள் திரட்ட வேண்டும். சிறை நடத்தை, அங்கே செய்த வேலை பற்றிச் சிறை நிர்வாகத்திடம் தனி அறிக்கை பெறப்படும். அரசு தருவதை மறுத்துச் சான்று வைக்கவும் குற்றவாளிக்கு வாய்ப்புத் தர வேண்டும். தீர்ப்பு வந்து நெடுநாள் ஆகியிருந்தால் மேல்முறையீட்டில் புதிய மதிப்பீடு கேட்கலாம்.

'மனநலம் சீராக உள்ளது' என்று ஒற்றை வரியில் சான்றிதழ் வந்தால் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்ற கேள்விக்கு அந்த வரி பதிலாகலாம். இவர் எப்படி இந்த இடத்துக்கு வந்தார், திருந்துவாரா என்பது வேறு கேள்வி. அதற்குக் கைதியின் தாய்மொழியில், காவலர் பக்கத்தில் இல்லாமல், பலமுறை உட்கார்ந்து பேச வேண்டும்; குடும்பத்தாரையும் பள்ளி ஆசிரியரையும் தேடிப் போக வேண்டும். வேறு நாட்டில், படித்தவர்களை வைத்து உருவாக்கிய சோதனைத் தாளை எழுத்தறியாத கூலித் தொழிலாளியிடம் அப்படியே நீட்டினால், கிடைக்கும் மதிப்பெண்ணே ஒரு பாரபட்சம். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட தூக்குத் தண்டனைக் கைதிகளில் 62.2% பேருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருந்தது.

அறிக்கை வராவிட்டால் வக்கீல் தண்டனை விசாரணையின்போதே மனோஜ் தீர்ப்பைச் சுட்டி மனு போட வேண்டும்; கால அவகாசமும் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 258(2) பிரிவு, தண்டனை குறித்துக் குற்றவாளி தரப்பைத் தனியாகக் கேட்கச் சொல்கிறது. எல்லா மேல்முறையீடும் முடிந்த கைதிகளுக்கும் 2025 ஆகஸ்டில் ஒரு கதவு திறந்தது: மனோஜ் நெறிமுறைகள் தெளிவாக மீறப்பட்டிருந்தால், அடிப்படை உரிமைக்காக நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுக வழிசெய்யும் அரசியலமைப்பின் 32-வது பிரிவின்கீழ் தண்டனையை மட்டும் மறுபடி விசாரிக்கக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் எதுவானாலும், இலவச சட்ட உதவி உண்டு. குடும்பத்தார் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.