ஜெகதாப்பட்டினத்து ஐஸும் எட்மன்டன் ஐஸும்

உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கிப் போட்டி வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும். இருபது வயதுக்கு உட்பட்ட பையன்கள் தங்கள் நாட்டுக்காக ஆடும் போட்டி இது. 1977 முதல் அதிகாரபூர்வமாக நடக்கிறது. 2021 டிசம்பரில் கனடாவின் எட்மன்டன் நகரில் தொடங்கிய ஆட்டங்கள் கொரோனாவால் சில நாட்களிலேயே நின்றுபோயின. மறுபடி நடத்தியது 2022 ஆகஸ்டில், நல்ல கோடையில். இறுதி ஆட்டத்தில் கனடா பின்லாந்தைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றது. 2025 ஜூனில் ஆசியக் கோப்பை மகளிர் ஐஸ் ஹாக்கி நடந்த இடம் இன்னும் விசேஷம்: ஐக்கிய அரபு அமீரகத்தின் பாலைவன நகரமான அல் ஐன். லடாக், இமாச்சலப் பெண்கள் அடங்கிய இந்திய அணி அங்கே வெண்கலம் வாங்கியது.

ஆக, இந்த ஆட்டத்துக்குக் குளிர்ந்த நாடு கட்டாயமில்லை. குளிர்ந்த தரை போதும். அப்படியானால் காரைக்குடியில் ஒரு பனித்தளம் போட முடியுமா? முடியும். அதற்கான அடிப்படைத் தொழில்நுட்பம் நமக்குப் பக்கத்திலேயே, மீன் வாடையோடு, பல காலமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

காரைக்குடியிலிருந்து கிழக்கே போனால் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டி. மீனை ஏற்றி அனுப்ப ஐஸ் பார் வேண்டும். ஐஸ் கம்பெனிக்குள் தரைமட்டத்தில் பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய நீளமான தகரக் கேன்கள். கம்ப்ரசர் அழுத்திக் கொடுக்கும் அமோனியா குழாய்க்குள் ஆவியாகும்போது உப்புத்தண்ணீரின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. உப்பு கலந்திருப்பதால் தொட்டித் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் ஓடுகிறது. கேனில் இருக்கும் நல்ல தண்ணீர் உறைந்து பாராகிறது.

பனித்தளத்திலும் இதே கதைதான். கேனுக்குப் பதில் ஒரு கான்கிரீட் தரை. அதற்குள் கிலோமீட்டர் கணக்கில் குழாய்கள். அவற்றில் கால்சியம் குளோரைடு கரைத்த நீர், சுமார் மைனஸ் 9 டிகிரியில், ஓடிக்கொண்டே இருக்கும். (இரும்புக் குழாயை இந்த உப்புநீர் அரிக்கும் என்பதால் அரிப்புத் தடுப்பான் சேர்ப்பார்கள், அல்லது பிளாஸ்டிக் குழாய்க்கு மாறுவார்கள். உலோக அரிப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது.) கான்கிரீட்டுக்கு அடியில் வெப்பம் கடத்தாத ஒரு படுகை. அதற்கும் அடியில் சூடாக்கும் குழாய்கள்! குளிர் மண்ணுக்குள் இறங்கினால் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பி, மேலே உள்ள தரையையே தூக்கி உடைத்துவிடும். அதனால்தான் ஐஸ் தரைக்குக் கீழே வெதுவெதுப்பு.

தரை குளிர்ந்ததும் தண்ணீரை மொத்தமாக ஊற்றிவிட மாட்டார்கள். பூத்தூவல் போல மெல்லிய படலமாகத் தெளித்து, உறையவிட்டு, அப்புறம் அடுத்த படலம். நடுவில் வெள்ளை வண்ணம், சிவப்பு நீலக் கோடுகள், மேலே மறுபடி தண்ணீர். எல்லாம் முடிந்த பிறகும் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 3 சென்டிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். பனிக்கட்டி வெப்பத்தைச் சுமாராகத்தான் கடத்தும். தடிமன் கூடக்கூடக் கீழே இருக்கும் குளிர் மேற்பரப்புக்கு வந்து சேராது. ஹாக்கிக்கு மேற்பரப்பு மைனஸ் 5, 6 டிகிரியில் இருக்க வேண்டும். நடனச் சறுக்கலுக்கு மைனஸ் 3, 4 போதும்; தாவி இறங்குவதற்குக் கொஞ்சம் இளகிய ஐஸே வசதி.

சரி, ஐஸ் ஏன் வழுக்குகிறது? பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த பதில், அழுத்தம். சறுக்குக் காலணியின் மெல்லிய பிளேடின் மேல் உடல் எடை இறங்கும்போது பனியின் உருகுநிலை குறைந்து, அடியில் தண்ணீர் உண்டாகிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கிலோ எடையுள்ள பையன் ஒற்றைக் காலில் நிற்கிறான். பிளேடு 3 மில்லிமீட்டர் அகலம். 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஐஸைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 13 மடங்கு. அது உருகுநிலையைக் குறைப்பது ஏறத்தாழ 0.1 டிகிரி. விளிம்பு மட்டும்தான் தொடுகிறது என்று பத்து மடங்கு கூட்டிக்கொண்டாலும் 1 டிகிரி. மைனஸ் 6-ல் இருக்கும் ஐஸை உருக்க இது பத்தாது. அதைவிட நேரடியான ஆதாரம், ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் பக். 7.62 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த ரப்பர் வட்டின் எடை அதிகம் போனால் 170 கிராம். அது ஐஸின் மேல் தரும் அழுத்தம் ஒன்றுமே இல்லை எனலாம். ஆனாலும் பிளேடைப் போலவே அதுவும் வழுக்கிக்கொண்டு போகிறது. பாடப்புத்தகத்தில் இந்த அழுத்தக் கதையை இன்னும் விடாமல் வைத்திருப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

உராய்வால் உண்டாகும் சூடு ஒரு காரணம். பௌடன், ஹ்யூஸ் என்ற இருவர் 1939-ல் அதைக் காட்டினார்கள். ஆனால் அசையாமல் நிற்பவரும் வழுக்கி விழுகிறாரே! இதற்கான விடை மைக்கேல் ஃபாரடே 1850 வாக்கிலேயே ஊகித்த திசையில் இருக்கிறது: பூஜ்யத்துக்குக் கீழேயும் பனியின் மேல்தோல் முழுத் திடப்பொருளாக இருப்பதில்லை. பனிக்குள் இருக்கும் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறுகளோடு நான்கு பிணைப்புகளால் கட்டுண்டது. மேற்பரப்பில் இருப்பவைக்கு மேலே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. மூன்று பிணைப்பு, சிலவற்றுக்கு இரண்டே. இந்த இரண்டு பிணைப்புக்காரர்கள் ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டிருக்கிறார்கள். கேரம் போர்டில் தூவிய பவுடர் மாதிரி, காய் அவற்றின் மேல் மிதந்து போகிறது. ஆம்ஸ்டர்டாமிலும் ஜெர்மனியின் மைன்ஸிலும் இருந்த ஆய்வாளர்கள் 2018-ல் இதை அளந்து பார்த்தார்கள். மைனஸ் 100 டிகிரியில் உருளும் மூலக்கூறுகள் அருகிவிடுவதால் ஐஸ் வழுக்குவதே இல்லை. வெப்பம் ஏற ஏற உராய்வு குறைந்து, மைனஸ் 7 டிகிரி வாக்கில் மிகக் குறைவாகிறது. அதற்கு மேல் போனால் ஐஸ் இளகி, பிளேடு அதை உழ ஆரம்பிக்கிறது; உராய்வு மறுபடி கூடுகிறது. ஹாக்கித் தளம் போடுகிறவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்த மைனஸ் 5, 6 இதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

வழுக்கல் மட்டும் இருந்தால் ஆட்டக்காரர் முன்னேற முடியாது. உந்துவதற்குப் பிடிப்பு வேண்டும். பிளேடின் அடிப்பகுதி தட்டையில்லை. நீளவாக்கில் குழிவாகச் சாணை பிடித்திருப்பதால் இருபுறமும் இரண்டு கூர்விளிம்புகள். நேராகப் போகும்போது வழுக்கும். காலைத் திருப்பி அழுத்தினால் விளிம்பு ஐஸில் பதியும். எடை குறைந்த சிறுவர்களின் விளிம்பு தானாக அவ்வளவு ஆழம் பதியாது என்பதால் அவர்களுக்குக் குழிவைச் சற்று ஆழமாகச் சாணை பிடிப்பதுண்டு. அமெரிக்காவில் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பக்கும் வேறு: எடை குறைந்த நீலப் பக். பெரிய போட்டிகளில் பக்கை ஆட்டத்துக்கு முன் உறையவைத்துத்தான் எடுத்து வருவார்கள். ரப்பர் சூடாக இருந்தால் துள்ளும்; குளிர்ந்து இறுகினால் தரையோடு தரையாக ஓடும்.

கியூபெக் நகரில் 1960 முதல் பிப்ரவரி மாதங்களில் ஒரு சர்வதேசச் சிறுவர் போட்டி நடக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் அணிகள் பல நாடுகளிலிருந்து வரும். பின்னாளில் ஐஸ் ஹாக்கியின் பெரும் நட்சத்திரமான வேய்ன் கிரெட்ஸ்கி 1974-ல் சிறுவனாக இங்கே ஆடியவர். அந்தப் போட்டியின் வீடியோ ஒன்றை வளவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா கேட்டார்: "ஐஸு மேலயே வெந்நியக் கொண்டாந்து ஊத்துறாகளே, உருகிப்போகாதா தம்பி?"

இடைவேளையில் தளத்தைச் சுற்றி வரும் ஜாம்போனி வண்டியைத்தான் சொன்னார். அது கீறல் விழுந்த மேற்பரப்பைச் சீவி எடுத்து, கழுவி, பின்னால் சுமார் 60 டிகிரி வெந்நீரை மெல்லியதாகப் பூசிக்கொண்டு போகிறது. உருகத்தான் வேண்டும். வெந்நீர் பழைய ஐஸின் மேல்தோலை லேசாக உருக்கி, கீறல்களுக்குள் இறங்கி, அதோடு ஒன்றாக உறைகிறது. பச்சைத்தண்ணீர் என்றால் தனி ஏடாக உட்கார்ந்து பெயரும். இன்னொன்று, காற்று. ஐஸ் பாரின் நடுவில் வெள்ளையாகத் தெரியுமே, அது உறையும்போது வெளியேற வழியில்லாமல் சிக்கிய காற்று. சூடாக்கிய தண்ணீரில் கரைந்த காற்று குறைவு. அதனால் ஐஸ் கெட்டியாக வரும். வண்டியைச் செய்த ஃபிராங்க் ஜாம்போனி யார் என்கிறீர்கள்? தெற்கு கலிபோர்னியாவில் ஐஸ் பார் தயாரித்து விற்றவர். வீட்டு ஃப்ரிட்ஜ் வந்து வியாபாரம் படுத்ததும் 1940-ல் பனித்தளம் திறந்தார். 1949-ல் இந்த வண்டியைச் செய்தார். ஐஸ் கம்பெனிக்காரர்!

இனி நம் ஊர்க் கணக்கு. 60 மீட்டருக்கு 30 மீட்டர், 3 சென்டிமீட்டர் தடிமன். தண்ணீர் ஏறத்தாழ 50,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி நாலு நடை. 30 டிகிரித் தண்ணீர் ஒரு கிலோவை மைனஸ் 5 டிகிரிப் பனியாக்க 470 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். வீட்டு 1.5 டன் ஏசி எடுக்கும் வேகத்தில் எடுத்தால் இரவு பகலாக 50 நாள் ஆகும். நூறு டன் இயந்திரத்துக்கு ஒரு நாள்கூட வேண்டாம். உறையவைப்பது, ஆகவே, பெரிய பாடே இல்லை.

பாடு காற்றின் ஈரத்தில் இருக்கிறது. ஒரு கிலோ நீராவி ஐஸின் மேல் படிந்து உறைந்தால் 2,800 கிலோஜூல் வெப்பத்தைக் கொட்டிவிட்டுப் போகும். ஆறு கிலோ தண்ணீரைப் பனியாக்கும் வேலைக்குச் சமம். போதாததற்கு மேற்பரப்பில் சொரசொரப்பான உறைபனி, தளத்துக்கு மேலே மூடுபனி. 1975 மே 20-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் ஆட்டமொன்று நடந்த அரங்கில் ஏசி இல்லை. பனிமூட்டத்தில் பக் தெரியாமல் ஆட்டத்தைப் பலமுறை நிறுத்தினார்கள். அரங்கத்துக்குள் வௌவால் வேறு.

காரைக்குடிக்குக் கடல் ரொம்பத் தூரமில்லை. ஐப்பசி அடைமழையில் வெயில் தணிந்துவிட்டதே என்று நிம்மதி கொள்ள முடியாது. ஈரம் அப்படியே இருக்கும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் வாசல் வைத்து, முற்றம் திறந்து, காற்றை ஓடவிட்ட நம் வீட்டுக் கட்டுமானம் இங்கே கொஞ்சமும் உதவாது. பனித்தளத்துக்கு வேண்டியது இறுக்கமாக மூடிய கட்டடம், இரட்டைக் கதவு, ஓயாமல் ஓடும் ஈரநீக்கி. கூரையிலிருந்து இறங்கும் வெப்பக் கதிரைக் குறைக்க உட்பக்கம் அலுமினியத் தாள் ஒட்ட வேண்டும். மின்கட்டணத்தைக் கேட்டால் யாரும் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள்.

ஒரே ஒரு வரவு உண்டு. ஐஸிலிருந்து இழுத்த வெப்பத்தைக் கம்ப்ரசர் எங்காவது கொட்டியாக வேண்டும். பல அரங்குகளில் அதை வீணாக்குவதில்லை; குளியலறைக்கும், தரைக்கு அடியில் ஓடும் சூட்டுக் குழாய்களுக்கும் அனுப்புகிறார்கள். ஜாம்போனி வண்டியில் ஊற்றும் வெந்நீரையும் அதை வைத்தே சூடேற்றுகிறார்கள்.